இரவெல்லாம் ரோட்டுச் சத்தம்: ஒலியும் அதிர்வும் வைத்து ஆழ்ந்த தூக்கத்தைக் கூட்ட முடியுமா?

ஈஜிபுரா_2வது_மாடி கேட்டது:

வணக்கம். பெங்களூர் ஈஜிபுராவில் மெயின் ரோட்டை ஒட்டிய வாடகை வீடு, இரண்டாவது மாடி. படுக்கையறை ஜன்னல் ரோட்டுப் பக்கம். அலுமினிய ஸ்லைடிங், ஒற்றைக் கண்ணாடி. இரவு 11 மணிக்கு ரோடு அடங்கிவிடுகிறது. ஆனால் பைக் ஹாரன், தெருநாய், விடியற்காலை 4 மணிக்குப் பால் வண்டி என்று விட்டு விட்டுச் சத்தம் வந்துகொண்டே இருக்கும்.

படுப்பது இருவர், வயது 41, 38. கட்டில் 18 மி.மீ. பிளைவுட் போட்ட பாக்ஸ் கட்டில், ஆறரைக்கு ஐந்து அடி. மேலே 5 இஞ்ச் ரப்பரைஸ்டு காயர் மெத்தை. 7 மணி நேரம் படுத்தால் வாட்ச் ‘டீப் ஸ்லீப் 35 நிமிடம்’ என்று காட்டுகிறது.

பிங்க் நாய்ஸ் (ஒரே சீராக ஓடும் இரைச்சல்), பைனாரல் பீட்ஸ், 40 ஹெர்ட்ஸ் அதிர்வுக் கட்டில் என்று மூன்றையும் ஆழ்ந்த தூக்கத்துக்குச் சொல்கிறார்கள். எதை முதலில் செய்வது? அதிர்வுக்கு ரெடிமேட் படுக்கை வாங்க வசதியில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டில் சாமான் வாங்கி நாமே செய்ய முடியுமா? கீழ்மாடியில் வயதான வீட்டு உரிமையாளர் இருக்கிறார், அவருக்குத் தொந்தரவு போகக் கூடாது. எந்த அளவில் வைப்பது, எவ்வளவு நேரம் என்று எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

தாழ்சுருதி:

அதிர்வை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒலி, அதிலும் முதலில் ஜன்னல்.

பெயர்களில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதைப் பிரித்துக்கொண்டால் காசு மிச்சம். ஆழ்ந்த தூக்கம் என்பது மூளையில் நொடிக்கு 0.5 முதல் 2 முறை எழும் பெரிய, மெதுவான அலைகளின் நேரம். 2013-ல் ஜெர்மனியில் யான் போர்ன் குழுவினர் நியூரான் இதழில் வெளியிட்ட ஆய்வில், தூங்குபவரின் மூளை அலையை அப்போதைக்கப்போது படித்து, அலை மேலெழும் அந்த நொடியில் 50 மில்லிசெகண்ட் பிங்க் நாய்ஸ் துணுக்கைத் தட்டினார்கள். அலை வலுத்தது. தாளம் தப்பித் தட்டியபோது வலுக்கவில்லை. பங்கேற்றவர்கள் 11 பேர்தான். 2017-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 60 வயதைத் தாண்டிய 13 பேரிடமும் இதே வழி பலன் தந்தது. ‘பிங்க் நாய்ஸ் ஆழ்ந்த தூக்கத்தைக் கூட்டும்’ என்று எங்கு படித்தாலும் அதன் வேர் இப்படிப்பட்ட ஆய்வுகள்தான். தலையில் மின்முனை ஒட்டி, அலை பார்த்து அடிக்கும் ஏற்பாடு அது. உங்கள் போனில் எட்டு மணி நேரம் ஓடும் பிங்க் நாய்ஸுக்கு உங்கள் அலை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அது செய்வது வேறு வேலை: ஹாரனுக்கும் அமைதிக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை நிரப்புவது. தூக்கத்தைக் கூட்டாது, உடைவதைக் குறைக்கும். உங்கள் வீட்டுக்குத் தேவை இந்த இரண்டாவதுதான்.

பைனாரல் பீட்ஸ் பற்றி: இடது காதில் 200, வலது காதில் 202 ஹெர்ட்ஸ் கொடுத்தால் மூளைத்தண்டில் நொடிக்கு 2 முறை ஒரு அசைவு தோன்றும். ஹெட்போன் கட்டாயம். ப்ளூடூத் ஸ்பீக்கரில் போட்டால் இரண்டும் காற்றிலேயே கலந்து சாதாரண ‘வோம் வோம்’ ஆகிவிடும். அதைக் கேட்டு மூளை அப்படியே டெல்டா அலைக்கு (மேலே சொன்ன ஆழ்ந்த தூக்கத்தின் மெதுவான அலை) வந்துவிடும் என்பதற்கான சான்றுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இரவு முழுக்கக் காதில் ஒன்றைச் செருகிக்கொண்டு புரள்வதே தூக்கத்தைக் கெடுக்கும். 432, 528 ஹெர்ட்ஸ் ‘குணமாக்கும் சுருதி’ என்பதை விட்டுவிடுங்கள். தம்பூரா எந்தக் கட்டையில் மீட்டினாலும் மனம் இறங்கத்தான் செய்கிறது. இதம் தருவது அந்த மாறாத ரீங்காரம், ஹெர்ட்ஸ் எண் அல்ல.

இப்போது ஜன்னல். ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, கண்ணாடி எவ்வளவு தடித்ததாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. ஸ்லைடிங் ஜன்னலில் அந்த ஒரு பங்கு நிச்சயம் உண்டு. ஓரத்தில் ஓடும் பைல் பிரஷ் (இடைவெளியை அடைக்கும் முடிப்பட்டை) தேய்ந்து மொட்டையாகியிருக்கும். கதவைக் கழற்றி, பள்ளத்தின் அகலத்தை அளந்து, அதே அகலத்தில் முடி உயரம் 1 மி.மீ. கூடுதலான பைல் வாங்கிச் செருகுங்கள். இரண்டு கதவும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம்தான் பெரிய ஓட்டை, அங்கே முதலில். கீழ்த்தடத்தில் மழைநீர் போக விட்ட துளைகளை அடைக்காதீர்கள், தண்ணீர் உள்ளே வரும். கொசுவலைக் கதவு இருக்கும் மூன்றாவது தடத்தில் பல வீடுகளில் மேல்மூலை திறந்தே கிடக்கும். அங்கே ஃபோம் துண்டு ஒன்று திணித்தால் போதும். கனத்த திரைச்சீலையிடம் ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம், அது அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும். ஜன்னலை மூடினால் ஹால் பக்கத்துக் கதவைத் திறந்து வையுங்கள். காற்றில்லாத அறையிலும் தூக்கம் கெடும்.

மூடிய பிறகு தலையணை இடத்தில் ஒலியை அளந்து சொல்லுங்கள். ஐபோன் என்றால் ஒலி அளக்கும் நியோஷ் ஆப் 2 டெசிபல் பிழைக்குள் காட்டும். ஆண்ட்ராய்டில் மைக் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, எண்ணை விட வித்தியாசத்தை நம்புங்கள். ஒப்பிட ஒரு அளவுகோல்: நம் நாட்டு ஒலி மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே 45 டெசிபல். உலகச் சுகாதார நிறுவனம் 1999-ல் படுக்கையறைக்குள் சொன்னது தொடர் ஒலி 30, திடீர்ச் சத்தம் 45.

---

ஈஜிபுரா_2வது_மாடி:

நன்றி. பைல் மாற்றி, ஜன்னல் மூடி, ஐபோனில் அளந்தது: அமைதியான நேரத்தில் 36, ஹாரன் அடிக்கும்போது 59. நாய் குரைத்தால் 54, 55. அப்படியென்றால் எந்த இரைச்சல், எவ்வளவு?

---

தாழ்சுருதி:

36-லிருந்து 59 என்றால் 23 டெசிபல் தாவல். எழுப்புவது அந்தத் தாவல். தலையணையில் 44 டெசிபல் வரும்படி இரைச்சல் போட்டால் அடித்தளம் ஏறக்குறைய 44½ ஆகும், தாவல் 14½-க்கு இறங்கும். இதற்கு மேல் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். 50-க்கு மேல் வைத்தால் மறைக்கும் ஒலியே தொந்தரவு ஆகிவிடும்.

பிரவுன் நாய்ஸ் ‘மழை மாதிரி இதம்’ என்று பலரும் சொல்வார்கள். அது ஒவ்வொரு ஆக்டேவுக்கும், அதாவது ஹெர்ட்ஸ் இரட்டிக்கும் ஒவ்வொரு படிக்கும், 6 டெசிபல் இறங்கும், பிங்க் 3 டெசிபல் இறங்கும். நாய், ஹாரன் இரண்டின் வலுவும் பெரும்பாலும் 400 முதல் 3000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. பிரவுனில் அந்த இடத்தில் சரக்கே இல்லை. ஆகவே உங்களுக்குப் பிங்க். சிறிய ஸ்பீக்கரில் அது ‘ஸ்ஸ்’ என்று சீறும், காரணம் கீழ்ப்பாகம் ஸ்பீக்கரில் வராது. தீர்வு மேல்பாகத்தையும் வெட்டுவது: ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் ஜெனரேட், நாய்ஸ், பிங்க். பிறகு லோ-பாஸ் ஃபில்டர் 4000 ஹெர்ட்ஸ், சரிவு 6 டெசிபல். லாரி எஞ்சின் உறுமலை மட்டும் இதனால் மறைக்க முடியாது. அவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு ஸ்பீக்கர் பத்தாது.

கோப்பை எம்பி3-யாகச் சேமித்து லூப் போடாதீர்கள். அந்த வடிவம் தலையிலும் வாலிலும் சிறிய மௌனத்தை ஒட்டிவிடும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல் கேட்கும். 22,050 சாம்பிள், மோனோ, 16 பிட் வேவ் கோப்பாக 9 மணி நேரம் எடுத்தால் சுமார் 1.4 ஜிபி வரும், லூப்பே வேண்டாம். முதல் 5 நிமிடம் ஃபேட் இன். யூடியூபில் போட்டால் நடுவே விளம்பரம் வரும். போனை ஏரோபிளேன் மோடில் வையுங்கள், இல்லையென்றால் நோட்டிஃபிகேஷன் மணியும் அதே ஸ்பீக்கரில் அடிக்கும். பல ப்ளூடூத் ஸ்பீக்கர்கள் ஒலி மிகக் குறைவாக இருந்தால் ‘யாரும் கேட்கவில்லை’ என்று பத்து, பதினைந்து நிமிடத்தில் தானே அணைந்துவிடும். அப்படி ஆனால் போனில் ஒலியைக் கூட்டி ஸ்பீக்கரில் குறையுங்கள், அல்லது வயர் போடுங்கள்.

வைக்கும் இடம்: ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில், தலையிலிருந்து 2 மீட்டராவது தள்ளி, ரோட்டுச் சத்தம் வரும் அதே திசையில். காதருகே வைப்பது தவறு. ஒரு மணி நேர டைமரும் தவறு: தூங்கிய பின் இரைச்சல் நின்றால் அடுத்த ஹாரன் முழு 23 டெசிபலோடு வந்து விழும். காலை வரை ஓடட்டும், அல்லது போடவே வேண்டாம்.

---

எஸ்பிரோடு_சால்டரிங்:

அதிர்வுப் பகுதிக்கு வருகிறேன். வைப்ரோஅகூஸ்டிக் தெரபி என்ற பெயரில் இதைத் தொடங்கியவர் நார்வேயின் ஓலாவ் ஸ்கில்லே, 1980-களில். 30 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த சைன் ஒலியை உடம்புக்கு நேரடியாகக் கொடுப்பது. தசை இறுக்கம், வலி, பதற்றம் ஆகியவற்றுக்குத்தான் இதை அதிகம் பயன்படுத்தியிருக்கிறார்கள். தூக்கத்துக்கு இதன் பயன் மறைமுகம்: உடம்பு தளர்ந்து படுக்கப் போனால் சீக்கிரம் கண் மூடும். எனவே இதைப் படுப்பதற்கு முன் 24 நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். இரவு முழுக்க ஓட்டாதீர்கள். தண்டவாளத்துக்கு அருகில் தூங்குபவர்கள் குறித்து ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகம் செய்த ஆய்வுகளில், ரயில் அதிர்வு தூக்கத்துக்குள்ளேயே இதயத் துடிப்பைக் கூட்டியது. உறங்கும் உடம்புக்கு அதிர்வு ஒரு எச்சரிக்கை.

கட்டிலில் பொருத்தாதீர்கள், மூன்று காரணம். ஒன்று, மெத்தையும் அதன்மேல் உடம்பும் சேர்ந்து ஸ்ப்ரிங்கில் வைத்த எடை மாதிரி. அதன் சொந்த அசைவு 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே. 40 ஹெர்ட்ஸை அது பெரும்பாலும் விழுங்கிவிடும், அதை வெல்லப் பவரைக் கூட்டினால் மெத்தைக்குப் பதில் கட்டில்தான் ஆடும். இரண்டு, பாக்ஸ் கட்டில் மூடி, கீல், உள்ளே இருக்கும் சாமான் எல்லாம் கடகடக்கும். மூன்று, நான்கு கால் வழியாக ஸ்லாபுக்கு இறங்கி உங்கள் வீட்டு உரிமையாளரின் சீலிங்கில் உறுமும். 40 ஹெர்ட்ஸை கான்கிரீட் நன்றாகவே கடத்தும்.

அதற்குப் பதில் மெத்தைமேல் வைத்து எடுக்கும் ஒரு பலகை. 12 மி.மீ. பிளைவுட், 60க்கு 45 செ.மீ., ஓரங்களை உப்புத்தாள் போட்டு உருட்டுங்கள். நடுவில், அடிப்பக்கம், 4 ஓம் 25 வாட் பாஸ் ஷேக்கர் (ஒலிக்குப் பதில் பலகையை அதிர வைக்கும் ஸ்பீக்கர் மாதிரி) ஒன்று. கார் ஆடியோ கடையிலோ ஆன்லைனிலோ கிடைக்கும். நான்கு துளைக்கும் போல்ட், நைலாக் நட், அகல வாஷர். மரத் திருகு போட்டால் ஒரு மாதத்தில் அதிர்ந்தே தளர்ந்துவிடும். போல்ட் தலை பலகைக்குள் புதையும்படி கவுண்டர்சிங்க் செய்யுங்கள், முதுகில் குத்தக் கூடாது. அடியில் நான்கு ஓரமும் 75 மி.மீ. ரீபாண்டட் ஃபோம் பட்டை ஒட்டுங்கள். சாதாரண மெத்தை ஃபோம் என்றால் எடை ஏறியதும் அமுங்கி ஷேக்கர் மெத்தையில் முட்டும், அப்போது ‘டர்ர்’ என்று கேட்கும். மேலே 25 மி.மீ. ஃபோம், அதன்மேல் நான்காக மடித்த ஜமக்காளம். கெண்டைக்காலும் முழங்காலின் அடிப்பக்கமும் படும்படி முதல் வாரம், பழகிய பின் இடுப்புக்கு மேலே முதுகுக்கு. தலைக்கு அடியில் ஒருபோதும் வேண்டாம்.

ஆம்ப்ளிஃபையர்: டிபிஏ 3118 அல்லது 3116 சிப் வைத்த கிளாஸ்-டி போர்டு, 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர். 24 வோல்ட் போடாதீர்கள், 4 ஓமில் அது ஷேக்கரை எரிக்கும் அளவுக்கு ஏறும். 25 வாட் என்று எழுதியிருப்பது பாட்டுக்கு. பாட்டில் இடைவெளி உண்டு, தொடர்ந்த சைன் அலையில் காயில் ஓய்வே இல்லாமல் சூடாகும். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 வாட், உச்ச வரம்பு. அதையும் ஊகிக்க வேண்டாம்: 40 ஹெர்ட்ஸ் ஓடும்போது மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஷேக்கரின் இரண்டு முனைக்கும் குறுக்கே பாருங்கள். 4 ஓமுக்கு 5.6 வோல்ட் என்றால் 8 வாட். உங்கள் வேலைக்கு 3 வோல்ட் போதுமானதாக இருக்கும், அது இரண்டேகால் வாட். இந்த போர்டுகளில் நெகட்டிவ் முனையும் உயிரோடுதான் இருக்கும். அதைக் கிரவுண்டோடோ அடுத்த சேனலின் நெகட்டிவோடோ சேர்த்தால் சிப் போய்விடும்.

சிக்னல்: ஒரே 40 ஹெர்ட்ஸை நிறுத்தாமல் கொடுத்தால் தோலில் உள்ள உணர்நுனிகள் பழகிப்போய் மரத்துவிடும், ‘குறைந்துவிட்டது’ என்று நினைத்து மறுபடி கூட்டுவீர்கள். ஆடாசிட்டியில் இரண்டு டிராக், ஒன்றில் 40, மற்றதில் 40.125 ஹெர்ட்ஸ் சைன், இரண்டுக்கும் ஆம்ப்ளிட்யூட் 0.4. சேர்த்தால் 8 நொடிக்கு ஒருமுறை எழுந்து அடங்கும், மூச்சுப் போல. மொத்தம் 24 நிமிடம், முன்னால் 2 நிமிடம் ஃபேட் இன், கடைசியில் 5 நிமிடம் ஃபேட் அவுட். அந்த ஃபேட் அவுட்டைத் தவிர்க்காதீர்கள். அரைத்தூக்கத்தில் அதிர்வு பட்டென்று நின்றால் விழிப்பு வந்துவிடும். அதே காரணத்துக்காக, கோப்பு முடிந்ததும் ஆம்ப்பை உடனே அணைக்காதீர்கள், ‘டப்’ என்று ஒரு உதை விழும்.

முதலில் 25 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை ஒரு நிமிட சர்ப் (தாழ்ந்த ஹெர்ட்ஸிலிருந்து ஏறிக்கொண்டே போகும் ஒலி) ஓட்டுங்கள். எங்கே பலகை திடீரென்று துள்ளுகிறதோ அது அதன் சொந்த அதிர்வெண். அது 40-க்கு நெருங்கினால் அளவைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். அடியில் குறுக்கே ஒரு மரச்சட்டம் ஒட்டினால் மேலே நகர்ந்துவிடும். 20-க்குக் கீழே போய்ப் பார்க்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். 4 முதல் 8 ஹெர்ட்ஸ் உடற்பகுதியும் முதுகெலும்பும் கூடச் சேர்ந்து ஆடும் இடம், அங்கே வலுவான அதிர்வு கெடுதல்.

அளவு பார்க்க ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப் போதும், ஆகன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்தது. ஈர்ப்பு நீக்கிய முடுக்கம் என்ற பகுதியைத் திறந்து போனைப் பலகைமேல் ஜமக்காளத்தில் வையுங்கள். முடுக்கத்தின் ஆர்.எம்.எஸ். சராசரி 0.3 மீ/நொடி²-க்குள் இருக்கட்டும். உடம்பில் படும் அதிர்வுக்கான உலகத் தரமான ஐஎஸ்ஓ 2631 கணக்கில் அசௌகரியம் தொடங்கும் எல்லைக்குக் கீழே அது. அடுத்து போனைத் தரையில், கட்டில் கால் பக்கத்தில் வையுங்கள். சராசரி மனிதருக்குத் தட்டுப்படும் எல்லை உச்சத்தில் 0.015. ஆம்ப் அணைத்தபோது இருந்த அதே எண்தான் ஓடும்போதும் தரையில் வர வேண்டும். கூடினால் கட்டில் காலுக்கு வாஷிங்மெஷின் ரப்பர் திண்டு வையுங்கள், அல்லது 3 வோல்ட்டை 2 ஆக்குங்கள். இந்த ஏற்பாட்டில் கீழ்வீட்டுக்குப் போக வழி மிகக் குறைவு, ஃபோம் பட்டை, காயர் மெத்தை இரண்டையும் தாண்டியாக வேண்டும்.

---

இரவு_லேப்_டெக்னீஷியன்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் கேள்வி 35 நிமிடத்தில் தொடங்கியதால் அதைப் பற்றிக் கவலையோடு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

வாட்சில் மூளை அலை இல்லை. அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ‘இது ஆழ்ந்த தூக்கமாக இருக்கலாம்’ என்று ஊகிக்கிறது. லேபில் எடுக்கும் பாலிசோம்னோகிராஃபியில் மூளை, கண், தாடைத் தசை மூன்றையும் பதிந்து, 30 நொடிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துத்தான் நிலையைச் சொல்வோம். பெரியவர்களுக்கு ஆழ்ந்த தூக்கம் மொத்தத்தில் 13 முதல் 23 சதவீதம் என்பது வழக்கமான அளவு, 7 மணி நேரத்துக்கு 55 முதல் 97 நிமிடம். வயது ஏற ஏற இது இறங்கும். வாட்ச் 35 காட்டினால் உண்மையில் 35 என்று அர்த்தமில்லை. ஒரு இரவின் எண்ணைப் பார்க்காதீர்கள், இரண்டு வாரச் சராசரியைப் பாருங்கள். அதைவிட நல்ல அளவுகோல் காகிதம்: கண் மூட எவ்வளவு நேரம், எத்தனை தடவை எழுந்தது, காலையில் தெளிவு பத்துக்கு எத்தனை. மாற்றம் செய்யும் முன் இரண்டு வாரம் எழுதுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ஜன்னலையும் பிங்க் நாய்ஸையும் பலகையையும் ஒரே நாளில் தொடங்கினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது.

இன்னொன்று, ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பங்கு இரவின் முதல் மூன்றில் ஒரு பகுதியில் வந்துவிடும். நீங்கள் 11-க்குப் படுத்தால் ஒன்றரை மணிக்குள். 4 மணிப் பால் வண்டி எரிச்சல்தான், ஆனால் அது கலைப்பது பெரும்பாலும் கனவுத் தூக்கத்தையும் லேசான தூக்கத்தையும். ஆழ்ந்த தூக்கத்தைக் காப்பாற்ற வேண்டிய நேரம் 11 முதல் 2. மாலை 6 மணி ஃபில்டர் காபியும் அந்த நேரத்தில்தான் குறுக்கே நிற்கிறது. கேஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

ஒலி, அதிர்வு எதுவும் உதவாத ஒரு நிலை உண்டு: தூக்கத்தில் வரும் மூச்சடைப்பு. அதன் அடையாளங்கள்: பலத்த குறட்டை, மூச்சு நின்று திணறி எழுவதைப் பக்கத்தில் படுப்பவர் பார்த்திருப்பது, பகலில் தூக்கம் சொக்குவது, ரத்தக்கொதிப்பு, கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.-க்கு மேல், 50 வயதைத் தாண்டியது, அதிக உடல் எடை, ஆண் என்பது. இந்த எட்டில் மூன்று இருந்தாலே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இங்கே நிம்ஹான்ஸிலும் பெரிய மருத்துவமனைகளிலும் தூக்க ஆய்வு செய்கிறார்கள். மணிக்கு ஐந்துக்கு மேல் மூச்சுத் தடை வந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும். பிங்க் நாய்ஸ் குறட்டையை மறைத்துவிடும், பக்கத்தில் இருப்பவர் கவனிக்காமல் போய்விடுவார். இதனால்தான் முதலில் இதைக் கேளுங்கள் என்கிறேன்.

அதிர்வுப் பலகை கூடாதவர்கள்: கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், காலில் ரத்தக் கட்டி இருப்பவர்கள் அல்லது சமீபத்தில் இருந்தவர்கள், புதிய டிஸ்க் பிதுக்கம், ரத்தக் கசிவு, கடுமையான வீக்கம், காய்ச்சல், வலிப்பு. ரத்த அழுத்தம் தாழ்ந்திருப்பவர் 24 நிமிடம் படுத்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலைசுற்றும். குழந்தைகளுக்கு இந்தப் பலகை வேண்டவே வேண்டாம். குழந்தை அறையில் இரைச்சல் போட்டால் 2 மீட்டர் தள்ளி, 50 டெசிபலுக்குள்.

---

ஊசல்:

அதிர்வு என்று பேசும்போது எல்லோரும் 40 ஹெர்ட்ஸுக்கே போய்விடுகிறார்கள். ஆழ்ந்த தூக்கத்தோடு நேரடியாக அளந்து பார்த்த அசைவு அதைவிட மிக மெதுவானது, தாலாட்டு வேகம். ஜெனீவா பல்கலைக்கழகத்தில் 2011-ல் 12 பேரை மதியத் தூக்கத்திலும், 2019-ல் 18 பேரை முழு இரவும், மோட்டார் வைத்த கட்டிலில் 0.25 ஹெர்ட்ஸில், அதாவது 4 நொடிக்கு ஒரு ஆட்டம் என்று ஆட்டினார்கள். சீக்கிரம் தூங்கினார்கள், இரவு ஆய்வில் ஆழ்ந்த தூக்கம் கூடியது. அதே 2019-ல் எலிகளில் செய்த ஆய்வு, இதற்கு உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு தேவை என்று காட்டியது. அது இல்லாத எலிகளுக்கு ஆட்டம் பலிக்கவில்லை.

‘ஊஞ்சல் மாட்டினால் போயிற்று’ என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். ஊசலின் ஆட்ட நேரம் கயிற்றின் நீளத்தைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததல்ல. 4 நொடி வேண்டுமென்றால் 4 மீட்டர் கயிறு. பத்தடி சீலிங் உள்ள வீட்டில் ஊஞ்சலுக்குக் கிடைப்பது இரண்டரை மீட்டர், ஆட்டம் சுமார் 3.2 நொடி. வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் ஊஞ்சல் தானே ஆடாது, யாராவது உந்த வேண்டும். தூங்கிவிட்டால் நின்றுவிடும். ஆய்வில் பலன் வந்தது இரவு முழுக்க ஆடியதால். படுப்பதற்கு முன் ஊஞ்சலில் இருபது நிமிடம் உட்கார்வது இதம்தான், அந்த ஆய்வின் பலனை அதற்கு ஒட்ட முடியாது. வாடகை வீட்டில் ஸ்லாபைத் துளைத்துக் கொக்கி மாட்டுவதும் நடக்காத காரியம். ஆங்கர் போல்ட் பிளாஸ்டரில் மட்டும் பிடித்திருந்தால் ஆபத்து.

செலவே இல்லாத அதிர்வு ஒன்றைச் சொல்கிறேன்: பிராமரி. மூக்கால் மூச்சிழுத்து, வாயை மூடி, வண்டு போல ‘ம்ம்ம்’ என்று வெளிவிடுவது. ஆண் குரலில் அது 100 முதல் 150 ஹெர்ட்ஸ், மார்பில் கை வைத்தால் தெரியும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, இழுக்க 3 நொடி, விட 7 நொடி, பத்து நிமிடம். நீண்ட வெளிமூச்சு நாடியைத் தாழ்த்தும். முனகும்போது மூக்கில் நைட்ரிக் ஆக்சைடு சாதாரண வெளிமூச்சை விடப் பதினைந்து மடங்கு வந்ததை 2002-ல் ஸ்வீடனில் அளந்தார்கள். மூக்கடைப்பு இருந்தால் செய்யாதீர்கள், காது அடைத்துக்கொள்ளும்.

---

ஈஜிபுரா_2வது_மாடி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் காகிதம், பிறகு பிங்க் நாய்ஸ் மட்டும், அதன்பின் பலகை என்று வரிசை வைத்துக்கொள்கிறேன். குறட்டைக் கேள்விகளை இன்றே பார்க்கிறோம். எஸ்பிரோடு சார், ஒரே சந்தேகம்: பலகையை முன்கூட்டியே செய்து சோதித்துப் பார்த்தேன். சிறிய ப்ளூடூத் ரிசீவர் ஒன்று கைவசம் இருக்கிறது. அதே 12 வோல்ட் அடாப்டரிலிருந்து 5 வோல்ட் எடுத்து அதற்கும் கொடுத்தேன், ஷேக்கர் ஓடாதபோதும் பலகையில் ஒரு சன்னமான நடுக்கம், காதுக்குக் ‘கிர்ர்’ என்ற சத்தம். எதனால்?

---

எஸ்பிரோடு_சால்டரிங்:

கிரவுண்ட் லூப். ரிசீவரின் கிரவுண்ட் மின்சார வழியாக ஒருமுறையும் ஆடியோ கம்பி வழியாக இன்னொருமுறையும் ஆம்ப்போடு சேர்கிறது. ரிசீவர் இழுக்கும் மின்னோட்டத்தின் சலசலப்பு ஆடியோ கம்பியில் ஏறி ஆம்ப்பில் பெரிதாகிறது. முதலில் ரிசீவரைப் பவர்பேங்கில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் உறுதி. நிரந்தரத்துக்கு பி1205எஸ் என்ற ஐசொலேட்டட் மாட்யூல், 12 உள்ளே, 5 வெளியே, இரண்டு பக்கக் கிரவுண்டும் தனித்தனி. ஒரு வாட், அதாவது 200 மில்லிஆம்பியர் வரை தரும். ரிசீவர் அதற்குள் இழுக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியீட்டில் 100 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று போடுங்கள். அப்படியும் நடுக்கம் மிஞ்சினால் அடாப்டரையே சந்தேகியுங்கள், மலிவானவற்றில் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் கசிந்து வரும். அது 40 ஹெர்ட்ஸுக்கு அருகில் இருப்பதால் பலகை அதையும் நன்றாகவே காட்டிக்கொடுக்கும். ப்ளூடூத்தே வேண்டாமென்றால் போனின் ஹெட்போன் கம்பியை நேராக ஆம்ப்பில் செருகுங்கள். ஆனால் அப்போது போன் சார்ஜரில் இருக்கக் கூடாது, அதே லூப் சார்ஜர் வழியாகத் திரும்ப வந்துவிடும்.